பொருளைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், டீச்சர்

கேள்வி இதுதான். காங்கேயம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ் டீச்சர் கேட்கிறார்: "ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள். செய்யுள் என்று புத்தகத்தைத் திறந்தாலே, 'மனப்பாடம் எத்தனை வரிங்க டீச்சர்?' என்பதுதான் முதல் கேள்வி. கவிதை மேல் இவர்களுக்கு ஓர் ஆசை வருகிற மாதிரி எப்படித் தொடங்குவது?"

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் 31 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் முதல் பத்து வருஷம் தப்பாகத்தான் நடத்தினேன். புத்தகம் போட்டிருக்கிற வரிசைப்படியே போவேன். ஆசிரியர் பிறந்த ஊர், நூற்குறிப்பு, சொற்பொருள், பிறகு பாட்டு, உடனே பொழிப்புரை, கடைசியில் அணி. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போடுவதற்கு முன்னால் சமையல்காரருடைய ஜாதகத்தை வாசித்துக் காட்டுகிற வேலை அது. சோறு வரும்போது பசி போயிருக்கும்.

பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. பொருள் சொல்வதைத் தள்ளிப் போட்டேன். "இதுக்கு என்னங்க சார் அர்த்தம்?" என்று ஒரு பிள்ளையாவது வாய்விட்டுக் கேட்கிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியை வரவழைக்க நான் பார்த்த வழிகள்தான்.

முதல் பாட்டாகப் புறநானூற்று 112ஐ எடுங்கள். பாடத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தே வரி. கரும்பலகையில் எழுதுங்கள். பாடியவர் பெயரும் வேண்டாம், நூலின் பெயரும் வேண்டாம்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் இரண்டு வரியை ஒரு பிள்ளை படிக்கட்டும். பின் மூன்று வரியை வகுப்பின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு பிள்ளை படிக்கட்டும். "எது மாறியிருக்கு, எது மாறலை, கண்டுபிடிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அற்றை இற்றை ஆகியிருப்பதை உடனே பிடித்துவிடுவார்கள். அவ்வெண் இவ்வெண் ஆனதை அடுத்து. இங்கே திங்கள் என்றால் மாதம் என்பதை மட்டும் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் இரண்டு நிலாவா என்று கிளம்பிவிடுவார்கள். உடையேம் இருந்த இடத்தில் இலமே வந்திருப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படும். எந்தை என்பது எங்கப்பா என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பிறகு ஓர் அமைதி வரும் பாருங்கள். அந்த அமைதியில் நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். இருந்துவிட்டால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "அவிங்கப்பா செத்துட்டாருங்க சார்."

பாரி, பறம்பு மலை, முற்றுகையிட்ட மூவேந்தர், இந்தப் பாட்டைப் பாடிய, அநாதையான பாரியின் இரண்டு பெண்கள், இந்தக் கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்கள். கொட்டாவி விடாமல் கேட்பார்கள்.

இதில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் இதே பாட்டை இதே மாதிரி நடத்தியபோது ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவள் அப்பா இறந்திருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அதிலிருந்து ஜூன் மாதத்திலேயே வகுப்பாசிரியரிடம் உட்கார்ந்து யார் வீட்டில் என்ன என்று கேட்டுக்கொள்வேன். கவிதை நடத்துகிறவர் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது. கணக்கு வாத்தியாருக்கு இந்தத் தொல்லை குறைவு.

பாட்டு முடிந்ததும் அதே சட்டத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். போன தடவை இப்படி, இந்தத் தடவை இப்படி. நடுவில் ஒன்று மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். நான்கு வரி போதும், எதுகை மோனை தேவையில்லை. வெள்ளகோவில் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதியது எனக்கு இன்னும் மறக்கவில்லை:

போன ஆடியில் எங்கள் கிணற்றில் குதித்தோம்,
தண்ணீர் இருந்தது.
இந்த ஆடியில் கிணற்றை எட்டிப் பார்த்தோம்,
குதிக்கிற கல் இருந்தது.

பரீட்சையில் தமிழில் அவன் 38 மார்க் எடுத்தவன்.

இந்தப் பாட்டுக்கு நம் ஊர்ப் பக்கம் ஒரு வாலும் இருக்கிறது. பாரியின் நண்பர் கபிலர், பாரி போன பிறகு சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடினார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அது. அதில் 67ஆம் பாட்டு "கொடுமணம் பட்ட" என்று தொடங்குகிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல்தான் அந்தக் கொடுமணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1980களின் நடுவிலிருந்து அங்கே பலமுறை தோண்டிப் பார்த்ததில் கல்மணி செய்த பட்டறையும், இரும்பு உருக்கிய உலையும், தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. உங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். போனால், பாட்டை அங்கே நின்று படியுங்கள். ஒரு பிள்ளை என்னிடம், "பானையில பேர் எழுதி வெச்சா திருட மாட்டாங்கன்னுதானுங்க சார்?" என்று கேட்டான். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டி வைக்கிறோமே, அதுதான் அவன் மனதில். 2,000 வருஷத் தூரத்தை அவன் ஒரு சொம்பில் கடந்துவிட்டான்.

அடுத்தது, எல்லோரும் சொல்கிற குறுந்தொகை 40, "யாயும் ஞாயும் யாரா கியரோ". இதற்குச் செம்மண் வேண்டும். காங்கேயத்தில் அதற்கா பஞ்சம்? ஒரு சொம்புத் தண்ணீர், கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் நிலத்து, ஓரமாக ஒரு பிடி மண். தண்ணீரை ஊற்றுங்கள். "இப்பத் தண்ணியை மட்டும் தனியா எடுத்துக் குடு பாக்கலாம்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லுங்கள். அவன் முயற்சி செய்து தோற்கட்டும். கைகழுவ விடாமல் அந்தச் சிவப்புக் கையோடே பாட்டைப் படிக்கச் சொல்லுங்கள். "செம்புலப் பெயனீர்" என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படாது. பாடியவர் பெயர் தெரியாமல் போய், அந்த உவமையே செம்புலப் பெயனீரார் என்று பெயராகிவிட்டது என்பதை அப்போது சொன்னால், "அப்ப எனக்கு என்னங்க பேர் வெப்பாங்க?" என்று தங்களுக்குள் பேர் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள்.

காதல் பாட்டு என்றதும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். "இது தூய அன்பு, நட்பு மாதிரி" என்று அவசரமாகப் போர்வை போர்த்தாதீர்கள். பதினாலு வயசுக்குப் பொய் உடனே தெரியும். நம் பக்கம் ஒரு புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வியே "நீங்க யாரூட்டுப் பையனுங்க?" என்பதுதான். ஊர் கேட்பது, தாய் தகப்பன் கேட்பது, அதற்கும் பின்னால் வேறொன்றைக் கேட்காமல் கேட்பது. இந்தப் பாட்டும் அதே கேள்வியில்தான் தொடங்குகிறது. என் தாய் யார், உன் தாய் யார், என் தகப்பனும் உன் தகப்பனும் எந்த முறையில் உறவு? நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வரியின் கனம் உரையாசிரியரைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி வகுப்பில் எவ்வளவு பேசுவது என்பது உங்கள் தைரியத்தையும் தலைமை ஆசிரியரையும் பொறுத்தது. நான் பேசியதில்லை. பாட்டை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

சில பாட்டைச் சத்தத்துக்காகவே படிக்கலாம். திருமுருகன்பூண்டி உங்களுக்கு எட்டுகிற தூரம். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை அங்கே வேடர்கள் வழிமறித்துப் பறித்துக்கொண்டார்கள் என்பது கதை. வந்தவர்கள் சிவனுடைய பூதங்கள்தான் என்று புராணம் சொல்லும். சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய்ச் சாமியையே சண்டைக்கு இழுக்கிறார். "திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண் டாறலைக்கு மிடம்" என்கிறார். திடுகு, மொட்டு. அடி விழுகிற சத்தத்தை அப்படியே எழுதிவிட்டார். "குத்தித் துணியைப் புடுங்கிக்கறாங்க, இந்த ஊர்ல நீ எதுக்கய்யா உக்காந்திருக்கே?" என்பதுதான் பாட்டு. "எத்துக்கிங் கிருந்தீர் எம்பிரானீரே" என்ற கடைசி வரியைப் பசங்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த வாரம் முழுக்கத் தாமதமாக வருகிறவனையெல்லாம் "எத்துக்கிங் கிருந்தீர்" என்றுதான் கேட்பார்கள். பக்திப் பாட்டுக்கு மரியாதை குறைந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். பாடியவரே அந்தத் தொனியில்தான் பாடியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தப் பாட்டில் வடுகரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் வருகிறது. நம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. நான் அந்த வரியை எடுப்பதில்லை. மேலே சொன்ன இரண்டு வரியே போதும்.

இனி யாப்பு. பிள்ளைகள் கவிதையை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் "அலகிட்டு வாய்பாடு தருக"தான். நேர், நிரை என்று சூத்திரத்தைச் சொன்னால் கண் மூடிக்கொள்ளும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். கண்டக்டர் கூவுகிற ஊர்ப் பெயர்களே போதும். கோபி: கோ, பி. நேர் நேர், தேமா. பவானி: பவா, னி. நிரை நேர், புளிமா. பல்லடம்: பல், லடம். நேர் நிரை, கூவிளம். உடுமலை: உடு, மலை. நிரை நிரை, கருவிளம். நான்கு வாய்பாடும் நம் ஊர்களுக்குள்ளேயே அடங்கிவிட்டன. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு விரைவுத் தட்டு என்று மேசையில் தட்டச் சொல்லுங்கள். விசைத்தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள் இதை உங்களைவிட நன்றாகத் தட்டுவார்கள், தூக்கத்திலும் அந்தத் தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஈரோடும் காங்கேயமும் தேமாங்காய். அவினாசி புளிமாங்காய். தாராபுரம் தேமாங்கனி. அடுத்து அவரவர் பெயர். தன் பெயர் கூவிளமா கருவிளமா என்று தெரிந்துகொள்ளாமல் ஒருத்தனும் வீட்டுக்குப் போக மாட்டான். இது ஒரே பீரியடில் முடிகிற வேலை.

வள்ளிக்கும்மி இப்போது நம் பக்கம் ஊருக்கு ஊர் பழக்குகிறார்கள். உங்கள் வகுப்பில் நாலு பேராவது ஆடுகிறவர்கள் இருப்பார்கள். பாரதியின் "கும்மியடி தமிழ்நாடு முழுதும்" நடத்துகிற அன்று அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நின்றுகொள்ளுங்கள். பாரதி பெயர் வந்தால் சொல்ல ஒரு செய்தியும் உண்டு. 1921 ஜூலை 31 அன்று ஈரோட்டில், கருங்கல்பாளையம் வாசகசாலையில் அவர் பேசினார். தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. ஆறே வாரத்தில் இறந்துபோனார்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. நன்னூல் என்றால் இலக்கணம், கசப்பு என்று எல்லோரும் ஓடுவார்கள். அதை எழுதிய பவணந்தி முனிவருக்கு ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்று நம் பக்கம் சொல்வார்கள். அதன் பாயிரத்தில் ஒரு வெண்பா:

பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச்
செஞ்சொற் புலவனே சேயிழையா – எஞ்சாத
கையேவா யாகக் கதிரே மதியாக
மையிலா நூன்முடியு மாறு

எழுதி வைத்துவிட்டு, "இதுல உங்க வீட்டுச் சமாச்சாரம் ஒண்ணு இருக்குது, தேடுங்க" என்பேன். பஞ்சு, இழை, கதிர், நூல். அம்மா ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிற பிள்ளை முதலில் பிடித்துவிடும். சொல்தான் பஞ்சு, பாட்டுதான் இழை, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் அவள் கை, அறிவுதான் கதிர். ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் கேட்டாள்: "பஞ்சுல தூசி இருந்தா இழை அந்துருமுங்க சார். சொல்லுல தூசின்னா என்னங்க?" எனக்கு உடனே பதில் வரவில்லை. வகுப்பே ஆளுக்கொன்று சொன்னது. பொய்தான் தூசி என்றார்கள், தேவையில்லாத வார்த்தை என்றார்கள். சினிமாவில் கேட்டதை அப்படியே எழுதுவது என்றான் ஒருவன். மணி அடிக்கப் போகிற நேரத்தில் இன்னொருத்தி கரும்பலகையைக் காட்டி, "மையிலா நூல்னா என்னங்க சார்?" என்றாள். மை என்றால் குற்றம், அழுக்கு. இவர்கள் அரை மணி நேரமாகப் பேசிய தூசி பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. நான் முதலிலேயே பொழிப்புரை சொல்லியிருந்தால் அந்தச் சொல்லைக் "குற்றமற்ற" என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

எழுத வைப்பது பற்றி. நிலா, கனவு, பெண்ணே, தமிழே, இந்த நாலு வார்த்தைக்கும் தடை போடுங்கள். கை எட்டுகிற ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள்: கட்டுத்தறி, தேங்காய் மட்டை, பனியன் வேஸ்ட், அப்பாவின் செருப்பு. மூன்று வரி போதும். ஜப்பானியர் மூன்று வரியில் எழுதுவதைப் பற்றிப் பாரதி 1916லேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார் என்று சொன்னால், சின்னதாக எழுதுவது சோம்பேறித்தனம் இல்லை என்று நம்புவார்கள். சிவப்பு மையால் திருத்தாதீர்கள். மார்க் போடாதீர்கள். ஒற்றுப் பிழை இருந்தால் அவர்கள் எழுதியதையே பிழையில்லாமல் அழகாக எடுத்தெழுதிச் சுவரில் ஒட்டுங்கள், பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். புதுக்கவிதை எங்கிருந்தோ வந்தது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, 1971இல் கோவையிலிருந்துதான் 'வானம்பாடி' இதழ் வந்தது, எழுதியவர்களில் நம் பக்கத்து வாத்தியார்கள் பலர் என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

சினிமாப் பாட்டைத் தூண்டிலாகப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. போடலாம், ஒரு தடவை. இரண்டாம் தடவை அவர்கள் பாட்டைத்தான் கேட்பார்கள், உங்களை இல்லை. கவிதைப் போட்டி வேண்டவே வேண்டாம். சுதந்திர தினத்துக்கு "தாயே பாரதமே" என்று எழுதிப் பரிசு வாங்கியவனுக்கு அதோடு கை கெட்டுவிடும்.

மனப்பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு அதைத் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. பரீட்சைக்காக வீட்டில் தனியாக உட்கார்ந்து உருப்போடுவதுதான் கொடுமை. வகுப்பு மொத்தமும் சேர்ந்து, தினம் ஒரு தடவை, யாரையும் எழுப்பிக் கேட்காமல், பத்து நாள் சொன்னால் பதினோராம் நாள் பாட்டு தானாக வாயில் இருக்கும். அர்த்தம் தெரியாமல் வாயில் கிடக்கிற பாட்டு என்றைக்காவது, நாற்பது வயதில் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்போது அர்த்தமாகும். என்னிடம் படித்த ஒருவன், இப்போது லாரி ஓட்டுகிறான், அப்படி ஒரு ராத்திரியில் போன் செய்து கணியன் பூங்குன்றனின் வரியைச் சொல்லி, "இப்பத்தான் புரிஞ்சுதுங்க சார்" என்றான்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, போர்ஷன் யார் முடிப்பது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரிய பாடமாக எடுக்க வேண்டாம். வருகைப் பதிவுக்கு முன்னால் மூன்று நிமிஷம் போதும்.

வருகிற திங்கட்கிழமைக்கு ஒரு பாட்டு தருகிறேன். குறுந்தொகை 28. ஔவையார் பாடியது, ஆனால் பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னால் கோலூன்றிய பாட்டியை நினைத்துக்கொள்வார்கள். ஊரே தூங்குகிறது, ஒருத்திக்கு மட்டும் தூக்கம் வரவில்லை, எதிலாவது போய் முட்டிக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோ யறியாது துஞ்சும் ஊர்க்கே

முதல் வரியை மெதுவாகப் படியுங்கள். "ஆஅ ஒல்லென" வரும்போது பக்கத்து வகுப்புக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள், வெட்கப்படக் கூடாது. கடைசி வரிக்குக் குரலை இறக்கிவிடுங்கள். இரண்டு தடவை. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வருகைப் பதிவை எடுங்கள். யாராவது அர்த்தம் கேட்டால், செவ்வாய்க்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.